லேப்டாப் 4070, டெஸ்க்டாப் 4070: நம்பர் ஒன்றென்றால் வேகமும் ஒன்றா?

கேள்வி – 6 ஏப்ரல் 2024

கோபிசெட்டிபாளையம் பக்கம் வீட்டு எலிவேஷன் வரைந்து கொடுக்கிறேன். இதுவரை நண்பரின் கணினியில்தான் ரெண்டர் (வரைந்ததை நிஜப் படம் போல மாற்றுவது) எடுத்தேன். இப்போது சொந்தமாக வாங்க வேண்டும். கோவையில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப்பைக் காட்டி, "டெஸ்க்டாப்புல வர்றதும் இதுவும் ஒன்னுதானுங்க, இதுன்னா சைட்டுக்கும் தூக்கிட்டுப் போலாம்" என்கிறார்கள். நம்பர் ஒன்றென்றால் வேகமும் ஒன்றுதானே அண்ணா? அப்புறம் டெஸ்க்டாப் எதற்கு?

6 ஏப்ரல் 2024, இரவு

வேகம் ஒன்றல்ல. பெயரில் இருக்கும் எண்தான் ஒன்று. உள்ளே இருக்கும் சிப் வேறு.

டெஸ்க்டாப் 4070-இல் இருப்பது ஏடி104 என்னும் சிப். அதில் 5,888 கூடா கோர்கள் (ஒரே நேரத்தில் கணக்குப் போடும் சிறு அலகுகள்), 192 பிட் அகலமுள்ள பாதையில் 12 ஜிபி ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 200 வாட். லேப்டாப் 4070-இல் இருப்பது அதைவிடச் சிறிய ஏடி106. அதில் 4,608 கோர்கள், 128 பிட் பாதையில் 8 ஜிபி ஜிடிடிஆர்6. மின்சாரமோ லேப்டாப் தயாரிப்பாளர் தன் பெட்டிக்குத் தகுந்தபடி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். இந்த ஏடி106 டெஸ்க்டாப் உலகில் 4060 டிஐ என்ற பெயரில் விற்கிறது. ஆகவே உங்களிடம் காட்டிய லேப்டாப்பின் வேகத்தை டெஸ்க்டாப் 4060 டிஐ-யை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழாகவோ எதிர்பாருங்கள்; டெஸ்க்டாப் 4070-ஐ எதிர்பார்க்க வேண்டாம்.

மேலே போகப் போக இடைவெளி விரிகிறது. டெஸ்க்டாப் 4090-இல் 16,384 கோர்கள், 24 ஜிபி, 450 வாட். லேப்டாப் 4090-இல் 9,728 கோர்கள், 16 ஜிபி, அதிகபட்சம் 150 வாட். டைனமிக் பூஸ்ட் என்னும் ஏற்பாட்டில் பிராசசரின் பங்கிலிருந்து இன்னும் 25 வாட் கிடைக்கலாம். அந்த 9,728 என்பது டெஸ்க்டாப் 4080-இன் கோர் எண்ணிக்கை. பெயர் ஒரு படி ஏற்றி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மணிக்கணக்கில் ஓடும் ரெண்டரில் லேப்டாப் 4090, டெஸ்க்டாப் 4090 செய்யும் வேலையில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில்தான் நிற்கும்.

தவணை போட்டுப் பணம் கட்டப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். லேப்டாப் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

7 ஏப்ரல் 2024

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அவர் சொன்னது ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது.

ஜிடிஎக்ஸ் 900 வரிசை வரை லேப்டாப் கார்டின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து இருக்கும். 980எம் என்று போட்டிருந்தால் அது 980 அல்ல என்று யாருக்கும் விளங்கும். டெஸ்க்டாப் 980-இல் 2,048 கோர்கள், 980எம்-இல் 1,536. 2016-இல் 10 வரிசை வந்தபோது, இந்தக் கார்டுகளின் நிறுவனமான என்விடியா அந்த எழுத்தை எடுத்துவிட்டது. எடுத்ததற்கு நியாயமும் இருந்தது. லேப்டாப் 1060, 1070, 1080 மூன்றும் டெஸ்க்டாப் கார்டுகளுக்கு மிக அருகில் வந்தன. லேப்டாப் 1070-இல் 2,048 கோர்கள் என்றால் டெஸ்க்டாப் 1070-இல் 1,920தான். அந்த ஆண்டுகளில் லேப்டாப் விற்றவர்களுக்கு 'நம்பர் ஒன்றென்றால் கார்டும் ஒன்று' என்பது அனுபவத்தில் கண்டது.

பிறகு 2017-இல் மெல்லிய லேப்டாப்புகளுக்காக மேக்ஸ்-கியூ வந்தது. வாட் குறைந்த கார்டு என்பதற்கு அந்தச் சொல்லாவது அடையாளமாக இருந்தது. 2021-இல் 30 வரிசையோடு அந்த அடையாளமும் பெயரிலிருந்து போயிற்று. இன்று பெயரின் கடைசியில் 'லேப்டாப் ஜிபியு' என்று மட்டும் இருக்கும். கடை அட்டையில் அதையும் விட்டுவிடுகிறார்கள்.

9 ஏப்ரல் 2024

பல்லடத்திலிருந்து ஒருவர், "அப்படியானால் லேப்டாப் கார்டு எல்லாமே ஏமாற்று வேலை" என்று எழுதியிருக்கிறார். அப்படியும் இல்லை.

4060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் அதே ஏடி107 சிப், அதே 3,072 கோர்கள், அதே 128 பிட் பாதை, அதே 8 ஜிபி. டெஸ்க்டாப்பில் 115 வாட். லேப்டாப்பிலும் தயாரிப்பாளர் மனம் வைத்தால் 115 வாட். முழு வாட் கொடுத்த நல்ல லேப்டாப்பில் இந்தக் கார்டு தன் டெஸ்க்டாப் சகோதரனுக்குச் சிறிதளவே பின்தங்குகிறது. எந்தக் கார்டு தன் இயல்பிலேயே குறைந்த மின்சாரம் கேட்கிறதோ அது லேப்டாப்புக்குள் குறைவில்லாமல் அடங்குகிறது. 200 வாட்டும் 450 வாட்டும் கேட்பதை அதே மெல்லிய பெட்டிக்குள் வைக்கும்போது எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவது எப்போதும் கோர்களை அல்ல என்பதையும் கவனியுங்கள். லேப்டாப் 3060-இல் 3,840 கோர்கள்; டெஸ்க்டாப் 3060-இல் 3,584தான். காகிதத்தில் லேப்டாப் பெரியது. ஆனால் டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, 170 வாட்; லேப்டாப்பில் 6 ஜிபி, அதிகபட்சம் 115 வாட். எலிவேஷன் வேலையில் அந்த 6 ஜிபிதான் முதலில் கழுத்தைப் பிடிக்கும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது, இந்தப் பெட்டி கார்டுக்கு எத்தனை வாட் தருகிறது, கார்டில் எத்தனை ஜிபி இருக்கிறது என்பதைத்தான். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

15 ஏப்ரல் 2024

எத்தனை வாட் என்பதை எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான விவரப் பக்கத்தில் 'டிஜிபி' (TGP) அல்லது 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' என்று தேடுங்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, அதில் சிஸ்டம் இன்பர்மேஷன் பகுதிக்குப் போனால் அதே வரி இருக்கும். 140 என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது 115-உடன் டைனமிக் பூஸ்டின் 25 சேர்ந்த கணக்கு. ரெண்டரின்போது பிராசசர் சும்மா இருந்தால் அந்த 25 கிடைக்கும். இரண்டும் சேர்ந்து உழைத்தால் கிடைக்காது.

2 மே 2024

ஈரோட்டில் வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும் இந்த நாட்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் பார்க்கும் வேகச் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், 22 அல்லது 25 டிகிரியில் எடுக்கப்பட்டவை. பேன் வேகமும் வாட்டும் மாறாதிருந்தால் அறை வெப்பம் 10 டிகிரி கூடும்போது சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். டெஸ்க்டாப் கார்டு 65 அல்லது 70 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தால் அது 80 ஆகும். கார்டுக்கு ஒன்றும் ஆகாது, வேகமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். லேப்டாப் கார்டோ குளிர்ந்த அறையிலேயே 80 டிகிரியைத் தாண்டி நிற்கிறது. அதற்கு மேலே ஏற இடமில்லாததால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, பிற்பகல் 2 மணிக்கு ரெண்டர் போடுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சங்கதி பஞ்சு. பல்லடம், சோமனூர், திருப்பூர்ப் பக்கம் தறிக்குடோனோ பனியன் கம்பெனியோ ஒட்டிய வீடுகளில் காற்றில் எப்போதும் பிசிறு மிதந்துகொண்டிருக்கும். சோமனூர் உறவினர் ஒருவரின் லேப்டாப் 'ரெண்டர் போட்டால் ஐந்தே நிமிடத்தில் மெதுவாகிவிடுகிறது' என்று என்னிடம் வந்தது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் பேன் சுத்தமாகவே இருந்தது. இறக்கைகளில் மெல்லிய தூசி மட்டுமே. ஆனால் பேன் மூடியைத் தனியாக எடுத்துவிட்டு, காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் உட்புறத்தைப் பார்த்தபோது, பேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம் படிந்து வாயை முழுவதுமாக அடைத்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது. பேன் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். காற்று மட்டும் வராது.

டெஸ்க்டாப்பிலும் பஞ்சு படியத்தான் செய்யும். ஆனால் கார்டின் தகடுகள் பெரியவை, இடைவெளி அகலமானவை, கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. ஒரே சிப்பைப் போட்ட 4060-களிலும் ஒரு வருடம் கழித்து எது எவ்வளவு வேகம் தருகிறது என்று பார்த்தால், நம் பகுதியில் வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் இதுதான்.

3 மே 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் பலரும் திருப்புளியை எடுத்திருப்பீர்கள். ஊதுகுழலால் காற்றடிக்கும்போது பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வாரண்டி இருக்கும்போது திறக்கலாமா என்பதைத் தயாரிப்பாளரிடமே கேட்டுவிடுங்கள்.

19 ஜூன் 2024

8 ஜிபி போதாதா என்று கோபியிலிருந்து தம்பி மறுபடியும் கேட்கிறார். வாட் குறைந்தால் வேலை தாமதமாகும். நினைவகம் குறைந்தால் வேலையே நின்றுபோகும். அந்த வேறுபாட்டை ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. முன்னால் களம், பின்னால் தென்னந்தோப்பு, தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் செங்கல் அப்படியே தெரிய வேண்டும் என்றார் வீட்டுக்காரர். 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட வண்ணப் படம் ஒன்று, கார்டுக்குள் சுருக்கப்படாமல் ஏறும்போது 64 எம்பி பிடிக்கும். அதையே 8192-க்கு 8192 என்று எடுத்தால் 256 எம்பி. ஒரு செங்கல் சுவருக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு, சாய்வு என்று நான்கு படங்களை இந்தப் பெரிய அளவில், எல்லாவற்றையும் வண்ணப் படமாகவே போட்டால் ஒரே சுவருக்கு 1 ஜிபி போய்விடும். விண்டோஸ், திரை, திறந்திருக்கும் மற்ற மென்பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சமிருப்பதில்தான் தரையும் தோப்பும் வானமும் அடங்க வேண்டும்.

அடங்காவிட்டால், பிளெண்டர் என்னும் ரெண்டர் மென்பொருளில் நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு ரெண்டர் நின்றுவிடும். அல்லது கணினியின் பொது ரேமைக் கடன் வாங்கிக்கொண்டு நத்தை வேகத்தில் நகரும். அந்த நிலையில் கோர் எண்ணிக்கை ஒன்றுக்கும் உதவாது. 12 ஜிபி உள்ள பழைய டெஸ்க்டாப் 3060, 8 ஜிபி உள்ள புதிய லேப்டாப் 4070-ஐ முந்துவது இப்படிப்பட்ட காட்சிகளில்தான். சிறிய காட்சியில் முந்தாது; அங்கே 4070 தெளிவாக வேகமானது.

கார்டை மாற்றாமலேயே செய்யக்கூடியதும் உண்டு. தென்னை மரங்களைத் தனித்தனி நகலாகப் போடாமல், ஒரே மரத்தின் தரவைப் பகிர்ந்துகொள்ளும் இணைப்பு நகலாகப் போடுங்கள். பிளெண்டரில் ஷிப்ட்+டி-க்குப் பதிலாக ஆல்ட்+டி. இருநூறு மரம் நின்றாலும் நினைவகத்தில் ஒரு மரத்தின் கனம்தான் ஏறும். தூரத்தில் நிற்கும் சுவருக்கு 8192 அளவுப் படம் தேவையே இல்லை. 2048 போதும், அது வெறும் 16 எம்பி. லேப்டாப்பில் வேலை செய்கிறவருக்கு இந்தச் சிக்கனம் கைவந்தே தீர வேண்டும்.

11 ஆகஸ்ட் 2024

மின்சாரம் பற்றி இரண்டு கேள்விகள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? லேப்டாப் அணையாது, ஆனால் வேலை தொடரும் என்று நினைக்க வேண்டாம். விமானப் பயணக் கட்டுப்பாடு காரணமாக லேப்டாப் பேட்டரிகள் 100 வாட்-மணிக்குள்தான் வருகின்றன. கார்டும் பிராசசரும் சேர்ந்து 180 வாட் இழுத்தால் அந்தப் பேட்டரி அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆகவே பேட்டரிக்கு மாறிய உடனே லேப்டாப் கார்டின் வாட்டைக் கடுமையாகக் குறைத்துவிடுகிறது. வேகமும் அதோடு விழுகிறது. டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் வேண்டும். பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவு. 4070 போட்ட கணினி மானிட்டரோடு சேர்ந்து ரெண்டரில் 300 வாட்டைத் தொடும். அந்த யூபிஎஸ் கோப்பைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க அவகாசம் தரும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை வரை இரண்டாலும் ரெண்டர் போட முடியாது. அந்த நாளில் லேப்டாப் வைத்திருப்பவர் வரைபடத் திருத்தமாவது பார்க்கலாம்.

பில் எவ்வளவு கூடும்? 300 வாட் டெஸ்க்டாப் 8 மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு 2.4 யூனிட். அதே வேலைக்கு 180 வாட் லேப்டாப் 12 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால் 2.16 யூனிட். யூனிட் கணக்கில் லேப்டாப் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது. ஆனால் நான்கு மணி நேரம் போகிறது. வாடிக்கையாளர் மறுநாள் காலையில் படம் கேட்கும் தொழிலில் எது பெரிது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

27 அக்டோபர் 2024

முதல் குறிப்பிலேயே வாட்டைத் தூக்கிப் பிடித்து எழுதினேன். அதைப் படித்துவிட்டு, '100 வாட் லேப்டாப் 200 வாட் டெஸ்க்டாப்பில் பாதி வேகம்தான் தரும்' என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். வாட்டுக்கும் வேகத்துக்கும் அப்படி நேர்விகிதம் கிடையாது.

சிப் இழுக்கும் மின்சாரம் அதன் கடிகார வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. உச்ச வேகத்தின் கடைசிச் சில படிகளுக்கு மின்னழுத்தத்தை மிகவும் உயர்த்த வேண்டியிருப்பதால், அந்தச் சிறிய ஆதாயத்துக்கு ஏராளமான வாட் கரைகிறது. என் டெஸ்க்டாப் 4070-இன் எல்லையை 200 வாட்டிலிருந்து 140 வாட்டுக்குக் குறைத்துவிட்டு ஒரே காட்சியை மறுபடியும் ரெண்டர் செய்து பார்த்தேன். மின்சாரம் 30 சதவீதம் குறைந்தது. நேரம் கூடியது அதன் அருகில்கூட வரவில்லை. பேன் சத்தம் அடங்கிவிட்டது. கோடை முழுவதும் அப்படியே வைத்திருந்தேன்.

லேப்டாப் கார்டுகள் வாழ்வது இந்தச் சிக்கனமான பகுதியில்தான். அதனால்தான் லேப்டாப் 4090 மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்கிறது; பொறியியல் வேலையாகப் பார்த்தால் அது பாராட்டத்தக்கது. லேப்டாப் 4070-இலும் 100 வாட்டைத் தாண்டிய பிறகு கிடைக்கும் ஆதாயம் சொற்பமே. 100 வாட் மாடலுக்கும் 140 வாட் மாடலுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் 100 வாட்டே போதும். 60 வாட்டுக்குக் கீழே போனால்தான் வேகம் செங்குத்தாக விழுகிறது. மிக மெல்லிய லேப்டாப்புகளில் கவனிக்க வேண்டிய இடம் அது.

8 டிசம்பர் 2024

லேப்டாப்புக்கு வெளியே, தண்டர்போல்ட் என்னும் அதிவேகக் கம்பி இணைப்பு வழியாக டெஸ்க்டாப் கார்டை இணைத்தால் என்ன என்ற கேள்வி. ரெண்டருக்குச் சரியான யோசனை. காட்சி ஒருமுறை கார்டுக்குள் ஏறிவிட்டால் மிச்ச வேலை முழுவதும் உள்ளேயே நடக்கிறது. கம்பி மெலிதாக இருப்பது தொடக்கத்தில் மட்டும் சில நொடிகளைத் தின்னும். கேமுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பிரேமுக்கும் தரவு அந்தக் கம்பியில் போக வேண்டும்; லேப்டாப் திரையிலேயே பார்த்தால் படம் திரும்பியும் வர வேண்டும். வேகம் கண்கூடாகக் குறையும். வெளிப்பெட்டி, அதற்கு மின்சாரம் தரும் ஒரு எஸ்எம்பிஎஸ், கார்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு சாதாரண டெஸ்க்டாப்பின் விலைக்கு அருகில் வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

18 மே 2025

50 வரிசை லேப்டாப்புகள் கடைக்கு வந்துவிட்டன. அதே கேள்வி புதிய எண்ணோடு வருகிறது. டெஸ்க்டாப் 5070-இல் 6,144 கோர்கள், 12 ஜிபி ஜிடிடிஆர்7, 250 வாட். லேப்டாப் 5070-இல் 4,608 கோர்கள், 8 ஜிபி. கோர் எண்ணிக்கையும் ஜிபியும் லேப்டாப் 4070-இல் இருந்த அதே அளவுதான். நினைவகம் மட்டும் ஜிடிடிஆர்7 ஆகி வேகம் கூடியிருக்கிறது. உச்சியில் டெஸ்க்டாப் 5090 21,760 கோர்களோடு 575 வாட்டுக்குப் போய்விட்டது. லேப்டாப் 5090 10,496 கோர்களோடு அதே 150 வாட்டில் நிற்கிறது. இடைவெளி குறையவில்லை, கூடியிருக்கிறது. லேப்டாப் 5090-இல் 24 ஜிபி வந்திருப்பது மட்டும் பெரிய காட்சிகளைத் தூக்கிச் செல்ல வேண்டியவர்களுக்கு உண்மையான நன்மை.

எலிவேஷன் வேலைக்கு லேப்டாப்தான் வேண்டும் என்பவர்களுக்கு 5070-ஐத் தாண்டி 5070 டிஐ-யைப் பார்க்கச் சொல்கிறேன். 5,888 கோர்கள், 192 பிட் பாதை, எல்லாவற்றுக்கும் மேலாக 12 ஜிபி. பெயரில் இரண்டெழுத்துதான் கூடுதல். தோட்டத்து வீடு மாதிரியான காட்சி ஒன்றில் அடங்கும், மற்றதில் திணறும். சைட்டுக்கு எடுத்துப்போவது வரைபடம் காட்டவும் சிறு திருத்தத்துக்கும் மட்டும்தான் என்றால், முழு வாட் உள்ள 4060 லேப்டாப் ஒன்றும் வீட்டில் 12 ஜிபி கார்டு போட்ட டெஸ்க்டாப் ஒன்றுமாகப் பணத்தைப் பிரித்துப் போடலாம். டெஸ்க்டாப்பில் 4070 போடுவதானால் எஸ்எம்பிஎஸ் 650 வாட்டுக்குக் குறையக் கூடாது. என்விடியா பரிந்துரைப்பதும் அதுதான்.